பதினான்காம் அடிக்குறிப்பு

மும்பையின் இட்லிச் சந்தை
ஆண்டுக்கு எண்ணூற்று நாற்பத்தாறு கோடி
என்றது வழவழத்த அறிக்கை.
முப்பத்தோராம் பக்கம், நீல வட்டப்படம்,
கீழே எறும்பு எழுத்தில்
பதினான்காம் அடிக்குறிப்பு.

எண்ணூறு என்றிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.
அந்த நாற்பத்தாறுதான் என்னை மயக்கியது,
யாரோ வியர்க்க வியர்க்க உட்கார்ந்து
எண்ணி முடித்த மாதிரி.

எடுத்து ஒட்டு, என்றான் ஓம்கார் தாம்லே,
செவ்வாய்க்கிழமை பிரசன்டேஷன்.
நான் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.
அது ஒரு பத்திரிகைக்குப் போனது.
பத்திரிகை ஓர் ஆலோசகரின் பேட்டிக்கு.
ஆலோசகர் ஒரு மாநாட்டு உரைக்கு.
உரையின் கடைசி ஸ்லைடில்
'நன்றி'க்கு மேலே
அதே வழவழத்த அறிக்கையின் பெயர்,
முந்தைய ஆண்டுப் பதிப்பு.

சட்டை நுனியைப் பிடித்தபடி நாலு பேர்
ரயில் வண்டி விளையாடுகிறார்கள்.
இன்ஜின் எது என்றால்
ஆளாளுக்கு
முன்னால் நிற்பவன் முதுகைக் காட்டுகிறார்கள்.

ஞாயிறு விடிய நாலே முக்கால்.
குர்லாவிலிருந்து ஆட்டோ, தாராவியில் ஒரு சந்துமுனை,
குடையில்லாத தூறல்.
நோட்டின் பின்னட்டையில்
நாலு கோடும் ஒரு குறுக்குக் கோடுமாக
சைக்கிள்களை எண்ணினேன்.
அலுமினியப் பாத்திரம், தூக்குவாளி,
பாம்ப் பாம்ப் என்று ரப்பர் ஹாரன்.
முப்பத்தேழு.
மறந்த சட்னிக்காகத் திரும்பி வந்து
மறுபடி போனார் ஒருவர்.
அவரை இரண்டாகப் போட்டேனா
என்பது இன்றுவரை தெரியாது.

உச்சிமாகாளிக்கு என் வயதுதான் இருக்கும்.
ஒரு நாளைக்கு எத்தனை இட்லி, என்றேன்.
நீங்க கார்ப்பரேஷனா?
இல்லை.
முந்நூறு.
காலேஜ், படிப்புக்காக.
அப்ப ஐந்நூறுன்னு போட்டுக்கிடுங்க.
பக்கத்து சைக்கிள்காரர் சிரித்தார்:
பொண்ணு பாக்கப் போன வீட்ல
ஆயிரம்னு சொன்னானே.

பொய் என்று எதையும் அடிக்க முடியவில்லை.
ஒவ்வொன்றும் கேட்டவர் வாய்க்குத் தக்கபடி
வெந்திருந்தது.

மூடியைத் திறக்கச் சொன்னேன்.
ஓர் அடுக்குக்கு இத்தனை, இத்தனை அடுக்கு.
மூக்குக்கண்ணாடியில் ஆவி அடித்தது.
அடி அடுக்கு என் ஊகம்.
நானூற்றிருபது என்று எழுதினேன்,
இருபது
எழுதும்போதே எனக்கு இனித்தது.

இட்லி எட்டு ரூபாய், வருஷத்துக்கு முந்நூற்று முப்பது நாள்,
இதுபோல் பன்னிரண்டு சந்து
(டீக்கடைக்காரர் சொன்னது;
பன்னிரண்டா பதினைந்தா என்று
அவரும் அவர் மச்சினனும் தகராறு).
பெருக்கினால் நாற்பத்தொன்பது கோடி,
தாராவிக்கு மட்டும்.

விடைக்குக் கீழே
விடையைவிட நீளமாக ஓர் அடிக்குறிப்பு வைத்தேன்:
ஒரே சந்து, ஒரே ஞாயிறு, தூறல், ஆவி,
சட்னி மறந்தவர், மச்சினன்.
ஸ்லைடில் இடமில்லை என்று
ஓம்கார் அதைக் கத்தரித்தான்.
நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
ஏ மைனஸ் கிடைத்தது.

பதினோரு மாதம் கழித்து ஜூனியர் ஸஹ்லா போன் செய்தாள்.
அக்கா, ஒரு ரிப்போர்ட் பார்த்தேன்,
மும்பை இட்லிச் சந்தை நாற்பத்தொன்பது கோடியாம்,
ஆதாரம்: துறை வட்டாரங்கள்.

தாராவி எங்கேயோ உதிர்ந்துபோயிருந்தது.

இந்த வட்டாரங்களை நம்பலாமா அக்கா?
அடிக்குறிப்பிலே போடணும்.

அன்றைக்குத் தூறல், என்றேன்.

எதிர்முனையில்
தட்டிக்கொண்டிருந்த விசைகள்
நின்றன.